ஆறடிக் காத்தாடியும் ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியும்

மனிதன் பொய் சொல்வதற்கு ஆசை, பயம், கௌரவம் என்று பெரியவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். நான்காவது ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணி.

தனி அறையில் குடியிருந்து பார்த்தவனுக்கு இது விளங்கும். காலையில் யாரும் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் பிடிக்கவும் கக்கூஸ் வரிசையில் நிற்கவுமே நேரம் சரியாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிப் போட்டால், அந்தச் செருப்பு விழுகிற சத்தம்தான் அன்றைக்கு அறையில் கேட்கிற கடைசிச் சத்தம்.

தொண்ணூற்று மூன்றில் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கிளார்க். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். வயது இருபத்து நாலு. சுப்பம்மா அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறை. அக்கா வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். அந்தத் தமிழும் "தண்ணி வந்திருச்சு தம்பி", "லைட்டை அணைங்க தம்பி" என்ற இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடும்.

பேச்சுத் துணைக்கு நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. ஒரு சீப்பு பழத்தை ஒன்றொன்றாக நாலு கடையில் வாங்குவேன். மாதம் மூன்று தடவை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். மூன்றாவது தடவை சலூன்காரர் என் தலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வெட்டுததுக்கு ஒண்ணுமில்ல தம்பி, சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். (அவமானமாகத்தான் இருந்தது. உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன்.)

அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் "சேத்தூர் பஸ் எப்போ?" என்று கேட்பேன். எல்லா நேரமும் எனக்கு மனப்பாடம். கேட்டால் ஒரு குரல் பதில் சொல்லும், அதற்காகக் கேட்பேன். கருப்பசாமி என்ற கண்டக்டர் ஒருநாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"சார், ரெண்டு மாசமாக் கேக்கீய. ஒரு நாளாச்சும் ஏறுங்க சார்."

அந்த வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், போக்கிடம் இல்லாமல் மைதீன் பாயின் பழைய சாமான் கடைக்குப் போனேன். பாய் கையில் கோடரியோடு நின்றார். காலடியில் ஒரு நீளமான மரம்.

"செத்த தள்ளி நில்லுங்க தம்பி, சில்லு தெறிக்கும்."

குனிந்து பார்த்தேன். ஆறடி நீளம். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி இழைத்து, லேசாக முறுக்கி விட்டிருந்தது. நடுவில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி நாலு சின்ன ஓட்டைகள். ஓரங்களில் பித்தளைத் தகடு இருந்திருக்க வேண்டும். பாய் அதை ஏற்கெனவே உரித்து எடுத்துவிட்டார், ஆணித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. நடு ஓட்டைக்குப் பக்கத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் அச்சுக் குத்தித் தேய்ந்து போயிருந்தன.

"என்ன பாய் இது?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ லாட்டுல வந்துச்சு. எந்த லாட்டுன்னு எனக்கே ஞாபகமில்ல. ஒருத்தன் கப்பல் காத்தாடிங்கான், ஒருத்தன் ஏரோப்ளேன் காத்தாடிங்கான். எனக்கு ரெண்டும் விறகுதான். வேணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க."

ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் மெனக்கெட்டு இழைத்தது அடுப்புக்குப் போகிறதே என்று இருந்திருக்கலாம். தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டேன்.

"ஏலே, என்னதுப்பா அது?"

திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர். என்னிடம்தான் கேட்கிறார்! அந்த ஊரில் எட்டு மாதம் இருந்ததில் முதன்முறையாக ஒரு மனிதர் தானாக வந்து என்னிடம் பேசுகிறார். "தெரியாது" என்பதுதான் உண்மையான பதில். ஆனால் "தெரியாது" என்று சொன்னால் அவர் போய்விடுவார்.

"ஏரோப்ளேன் காத்தாடிண்ணே" என்றேன்.

அவர் போகவில்லை. கூட வந்தார்.

தெரு முக்கில் அது "சண்டைக் காலத்து ஏரோப்ளேன்" ஆகிவிட்டது. பிள்ளையார் கோயில் வருவதற்குள் அந்த ஏரோப்ளேன் செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் மோதி நொறுங்கிவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்தபோது என்னோடு பதினாலு பேர் இருந்தார்கள், விமானிக்கு மீசை வைத்திருந்தேன். சுப்பம்மா அக்கா, "அய்யய்யோ ராமா! இதென்ன தம்பி?" என்று வாயில் கை வைத்து நின்றார். தண்ணீரும் லைட்டும் இல்லாத முதல் வாக்கியம்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு என் அறையில் ஆள் இருந்தது. இரண்டு பேர், நாலு பேர், சனிக்கிழமையானால் எட்டுப் பேர். கருப்பசாமி டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, அன்றிலிருந்து "சார்" என்பதை விட்டுவிட்டு "ஏலே தங்கராசு" என்று கூப்பிட ஆரம்பித்தான். (நானும் "அவர்" என்பதை அப்போதே விட்டேன்.) மைதீன் பாய் வந்து, "நல்லவேள, வெட்டிருந்தேன்னா அந்தப் பாவம் என்னைய விட்டிருக்காது" என்று மரத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்காக விமானிக்கு ஊரில் ஒரு வயதான தகப்பனாரைச் சேர்த்தேன். கடைசி வரைக்கும் மகன் வருவான் வருவான் என்று வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். (நான் அழுதது விமானிக்காக இல்லை. என் அறையில் இன்னொருத்தர் அழுகிறாரே என்ற சந்தோஷம்.)

"அந்த எழுத்து என்னதுலே?" என்று கருப்பசாமி ஒருநாள் கேட்டான்.

"ஜப்பான் பாஷை."

"நம்ம நாலும் ஏழும் மாதிரில்லா இருக்கு?"

"ஜப்பான்லயும் நாலு, ஏழு உண்டுல்லா?"

இப்படியே புரட்டாசி முடிந்து ஆயுத பூஜை வந்தது. ராஜபாளையத்தில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. மில்லு மிஷினிலிருந்து டைலர் கத்திரி வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பெயிண்ட் தேவைப்பட்டால் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். சுப்பம்மா அக்கா மேலே வந்து காத்தாடியைப் பார்த்தார்.

"இம்புட்டு அழுக்கோடவா தம்பி பூசையில வைக்கிறது? ஒரு உசிரு போன வண்டி. சாமி குத்தம் ஆயிரும்."

உசிரை எடுத்தவன் நான்தானே? மறு பேச்சில்லாமல் உப்புத்தாள் வாங்கி, இரண்டு நாள் தேய்த்தேன். கம்பெனி கேட்டுக்கு அடித்தது போக மீந்த சில்வர் பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன். எழுத்தாவது எண்ணாவது, எல்லாம் போய் வழுவழுவென்று ஆகிவிட்டது. மேலே மூன்று இடத்தில் சந்தனம், நடு ஓட்டையில் ஒரு எலுமிச்சம்பழம். பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உலகத்திலேயே ஆயுத பூஜை கண்ட ஒரே ஜப்பான் விமானம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த புதன்கிழமை கருப்பசாமி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான். முகமெல்லாம் பல்.

"ஏலே, உனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அருளப்பன்னு ஒரு சார் இருக்காரு. ஏரோப்ளேன் மெக்கானிக்கா மிலிட்டரியில இருந்து ரிட்டயர்டு ஆனவரு. நம்ம பஸ்ல வந்தாவ, உன் காத்தாடியப் பத்திச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவியளே நேர்ல வாராவ. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எல்லாம் சொல்லிருவாவளாம்! ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். பாய் பந்தலுக்குத் துணி தாரேங்காரு."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். பல்லைக் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் பிடிக்கும், வேலை போகும் என்பதெல்லாம் இல்லை. அந்த மனிதர் வந்து "இது ஏரோப்ளேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாய் தன் கண்ணீரைத் திருப்பிக் கேட்பார். கருப்பசாமி மறுபடி "சார்" என்பான். ஆறு மணிக்குச் செருப்பு விழுகிற சத்தம் கேட்கும். இந்த மூன்றாவதுக்குத்தான் பயந்தேன்.

காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தேன். (அக்குளில் வெங்காயம் வைத்தேன். காய்ச்சல் வரவில்லை, வெங்காய வாடை மூன்று நாள் போகவில்லை.) கடைசியில் சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். காத்தாடியைக் காணாமல் போக்கிவிடுவது. திருட்டுப் போய்விட்டது என்றால் அதுவும் ஒரு கதைதானே? அதை விசாரிக்கவும் ஆள் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி செண்பகத்தோப்பு. காட்டோரம் ஒரு புதருக்குள் போட்டுவிட்டு, பத்து மணிக்குள் வந்து "ஐயோ காணோமே" என்று கத்திவிட வேண்டும்.

ஞாயிறு விடியவும் காத்தாடியை வெள்ளைப் போர்வையில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். சீட்டுகளுக்கு நடுவே தரையில் படுக்க வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை மடக்கி சீட்டுக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். பக்கத்து சீட்டு அம்மாள் என் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"யாருய்யா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறடி, வெள்ளைத் துணி, மூன்று கட்டு, தூக்கமில்லாமல் சிவந்த என் கண்கள்.

"தெ... தெரிஞ்சவரு" என்றேன்.

"எங்க கொண்டு போறீய?"

"செண்பகத்தோப்பு."

"சொந்தக்காரவுக யாரும் வரலையா? நீங்க ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்மா."

"பாவம்" என்றார் அந்த அம்மாள், போர்வையைப் பார்த்து. "எம்புட்டு மெலிஞ்சு போயிருக்காரு. கவனிக்க ஆளில்லாமக் கெடந்திருப்பாரு போல."

அந்த வருஷம் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது. போர்வைக்குள் இருந்தது நான் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அழுதுவிடுவேனோ என்று இருந்தபோது பின்னாலிருந்து விசில் சத்தம். "டிக்கெட், டிக்கெட்." அந்தக் குரலைக் கேட்டதும் நானும் செத்தேன். ஊரில் உள்ள பஸ் நேரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மடையன், முதல் பஸ்ஸுக்குக் கண்டக்டர் யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கருப்பசாமி போர்வையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஏலே தங்கராசு! பெரிய மனுசன அலைய விடக்கூடாதுன்னு நீயே தூக்கிட்டுக் கெளம்பிட்டியா? உம் மனசு யாருக்குலே வரும்!" பஸ்ஸைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "யாரும் பயப்படாதீய, இது பொணம் இல்ல, ஏரோப்ளேன்!"

செருப்பைக் கழற்றிய பெரியவர், ஏமாந்தவர் போல மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் நான் செண்பகத்தோப்பு பஸ் பக்கமாக நழுவினேன். விடுவானா? "டிரைவர் டீ குடிக்கிறதுக்குள்ள வந்திருவோம்" என்று மறுமுனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். தேரடி வழியாக நடந்தோம். போர்வை விலகி சில்வர் பெயிண்டும் சந்தனமும் தெரிய, பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து, "தேருக்கு மரமா சாமி?" என்று கும்பிட்டார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. அருளப்பன் சார் வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, கதவைத் தட்டிவிட்டு, கருப்பசாமி விசிலை ஊதிக்கொண்டே ஓடினான்.

யாரிடமிருந்து தப்பிக்கக் காட்டுக்குப் புறப்பட்டேனோ, அவர் வீட்டு வாசலில், கையில் சாட்சியோடு, காலை ஏழு மணிக்கு நிற்கிறேன்.

கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. வாசல் ஓரத்தில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட ஷூ. பக்கத்தில் ஒரு துணிப்பையில் டேப்பு, தடிமன் அளக்கிற காலிப்பர், பூதக்கண்ணாடி. பத்து மணிக்கு ராஜபாளையம் வர வேண்டியவர் ஏழு மணிக்கே தயாராக உட்கார்ந்திருந்தார். அதை அப்போது நான் கவனித்தேனா என்றால் இல்லை. என் பயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

முற்றத்தில் போர்வையை அவிழ்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"பெயிண்ட் யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"எழுத்து ஏதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டேன்."

"எதுக்கு?"

"ஆயுத பூஜைக்கு சார்."

"ஏரோப்ளேனுக்கா?"

"ஆமா சார். எலுமிச்சம்பழம்கூட வச்சேன்."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிப்பதற்குள் குனிந்துவிட்டார். காத்தாடியைப் புரட்டிப் போட்டார். நடு ஓட்டையிலிருந்து நுனி வரைக்கும் கட்டை விரலால் ஒரே இழுப்பாகத் தடவினார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். காலியாகக் கிடந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

தூக்குக் கயிற்றுக்குக் கீழே நிற்பவன் மாதிரி நின்றேன்.

"இது லேசுல சொல்ற காரியம் இல்ல தம்பி" என்றார். "நாள் எடுக்கும். இங்கேயே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு வாங்க. சாப்பிட்டீங்களா?"

பிழைத்தேன்! இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். (பத்து மணிக்குப் பந்தலுக்கு வந்தவர்களிடம் கருப்பசாமியே விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டான்.)

மறு ஞாயிறு போனேன். அன்று காத்தாடியைத் தராசில் நிறுத்தோம். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கம்பியில் கோத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தோம். அடுத்ததில் பழைய பேப்பரை விரித்து அதன் உருவத்தை வரைந்தோம். ஒரு ஞாயிறு மரத்தை மோந்து பார்த்தார். "என்ன மரம் சார்?" "பெயிண்ட் வாடைதான் வருது." அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார். ஐப்பசி மழை கொட்டிய ஞாயிறு ஆராய்ச்சியே இல்லை. ஆட்டுக்கறிக் குழம்பு மட்டும். "கால் கிலோ வாங்கினா ருசி வரமாட்டேங்குது தம்பி. ரெண்டு பேருன்னாதான் அரைக் கிலோ வாங்கலாம்" என்றார்.

அவர் மனைவி ரோஸ்லின் மஸ்கட்டில் நர்ஸ். மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டல். சுவரில் இரண்டு கடிகாரம் இருந்தது. ஒன்று ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். கெட்டுப்போனது என்று நினைத்து, ஒருநாள் அவருக்கு உதவி செய்வதாக அதைத் திருகிச் சரியாக வைத்துவிட்டேன். அவர் நாற்காலி போட்டு ஏறி, மறுபடி ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். "அவ இப்பதான் டூட்டிக்குக் கெளம்புவா" என்றார்.

இன்னொரு ஞாயிறு முற்றத்துச் சுவரில் ஆணி அடித்து, காத்தாடியை மாட்டினோம். மலையிலிருந்து காற்று இறங்கியது. தானாகச் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். போகும்போது, "இன்னும் ஒண்ணும் பிடிபடல" என்றார். "அவசரமில்ல சார்" என்றேன்.

ராஜபாளையத்தில் "என்ன ஆச்சு, கண்டுபிடிச்சாச்சா?" என்று இரண்டு வாரம் கேட்டார்கள். அதற்குள் எங்கள் தெருவுக்கு கேபிள் டிவி வந்தது. சுப்பம்மா அக்கா வீட்டில் கலர் டிவி. ஆறு மணிக்கு எல்லோரும் கீழே. நான் எதற்காகப் புழுவாகத் துடித்தேனோ அது, யாரும் என்னைக் கண்டுபிடிக்காமலேயே, ஒரு கறுப்பு ஒயரின் வழியாகப் போய்விட்டது. செருப்பு மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு அக்கா. புதுச் சேலை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, முகம் நிறையச் சிரிப்பு.

"நீங்கதான் காத்தாடித் தம்பியா? வாங்க, வாங்க! அவிய எழுதாத லெட்டர் கிடையாது உங்களப் பத்தி. அப்ப இதான் அதுவா?" முற்றத்தில் மாட்டியிருந்ததை நிமிர்ந்து பார்த்தார். "சரிதான். எஸ்டேட் பங்களா கூரையில பேட்டரி சார்ஜ் பண்ண மாட்டுத காத்தாடி. மொத நாளே எழுதிட்டாவளே!"

உள்ளேயிருந்து அருளப்பன் சார் குரல்: "ரோஸ், அடுப்புல ஏதோ கருகுது."

"அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலையே!" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆமா தம்பி. 'ரோஸ், பையன்கிட்ட நான் சொல்லல. சொன்னா அடுத்த வாரம் வரமாட்டான்'னு எழுதி..."

அதற்குமேல் அக்காவுக்கே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் வாசற்படியில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார். மூன்று பேர் நின்ற அந்த முற்றத்தில் காத்தாடி மட்டும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே. நான் சொன்னேன்: "சார், அன்னைக்கு நான் உங்களத் தேடி வரல. செண்பகத்தோப்புல தூக்கிப் போட்டுட்டு ஓடத்தான் வந்தேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படி சார்?"

"போர்வையில சுத்தி, மூணு கட்டுக் கட்டி எடுத்துட்டு வந்தீங்களே தம்பி. காட்டுறதுக்குக் கொண்டு வாரவன் யாராவது மூடிக் கொண்டு வருவானா?"

முதலில் சிரித்தது அக்கா. அப்புறம் சார். நான் கடைசி. சிரித்து முடித்து, காத்தாடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் காட்டினார். ஏரோப்ளேன் காத்தாடி காற்றைத் தள்ளும். அதற்கு முன்பக்கம் மேடாக இருக்கும். இதைக் காற்று தள்ளும், மேடு பின்பக்கம். புரட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. "நடுக்கட்டை வேற இம்புட்டு ஒல்லி. ஒரு ஸ்கூட்டர் இன்ஜினைக் கூடத் தாங்காது."

"அப்ப அந்த பைலட்டு? அவிய அப்பா?" என்றார் அக்கா கவலையோடு. விமானியைப் பற்றியும் எழுதியிருக்கிறார் மனிதர்!

"நல்லா இருக்காருக்கா" என்றேன். "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரு."

அன்று சாயங்காலம் ராஜபாளையத்தில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தைரியமாகப் போனேன். சுப்பம்மா அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த பைலட்டு தம்பி?" என்றார். மைதீன் பாய், "செத்த இருங்க, விளம்பரம் வரட்டும்" என்றார். விளம்பரம் வந்தது, நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்தும் போனது. பொய் சொல்ல ஆள் வேண்டும் என்று தெரிந்திருந்த எனக்கு, அதை ஒப்புக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. கருப்பசாமி ஒருத்தன்தான் முழுசாகக் கேட்டான். "ஏலே, அப்ப பஸ்ல ஏரோப்ளேன்னு நான் கத்தினது?" என்றான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. (அதற்குப் பிறகு இன்றுவரை பேச்சை நிறுத்தவில்லை.)

ரோஸ்லின் அக்கா லீவு முடிந்து புறப்பட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, போவதா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. போவதற்கு இனி என்ன சாக்கு? ஆனாலும் பஸ் ஏறினேன். சார் இஸ்திரிச் சட்டையோடு கேட்டில் நின்றார், யாரையும் எதிர்பார்க்காதவர் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு. கையில் அரைக் கிலோ கறிப்பை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அந்தக் காத்தாடியைத்தான் பரிசாகத் தூக்கி வந்தார், போர்வை சுற்றாமல். என் மனைவி வள்ளியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் அதை விட்டாளா? யார் வீட்டுக்காவது போய் நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், அத்தனை பேர் முன்னாலும் கேட்பாள்: "ஏங்க, ஆராய்ச்சி இன்னும் முடியலையாக்கும்?" பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஒருத்தி புனேயில், ஒருத்தன் ஓசூரில். போனை வைக்க மனமில்லாமல் நான் நேற்று என்ன குழம்பு, இன்று என்ன குழம்பு என்று இழுத்தால், மறுமுனையில் மகள் சிரிப்பாள்: "அப்பா, ஆராய்ச்சியா?" ஆமாம் என்று ஒப்புக்கொள்வேன்.

அருளப்பன் சார் இப்போது இல்லை. காத்தாடி எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒருத்தர் குடிவந்தார். கரண்ட் ஆபீஸில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். மகன் வெளிநாட்டில், அவர் மட்டும் தனியாக. பால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க வந்தார். (முந்தின நாளும் அதைத்தான் கேட்டார்.) சுவரைப் பார்த்ததும் நின்றார். பக்கத்தில் போனார். நடு ஓட்டையிலிருந்து நுனி வரைக்கும் கட்டை விரலால் தடவினார். பின்பக்கம் கையை விட்டு அந்த மேட்டைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது.

"என்னன்னு தெரியுதா சார்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு.

"சட்டுன்னு சொல்ல முடியாது சார்" என்றார். "ரெண்டு மூணு தடவ வந்து பாக்கணும்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து, சிரிப்பை அடக்க முடியாத வள்ளியின் குரல் வந்தது:

"ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே! அரைக் கிலோவா வாங்கச் சொல்லுதேன்."